பழ ஈயும் மூப்பும்: ஓர் உயிரியற் கொள்கையின் வரலாறு

நரை திரை மூப்பின்றி நெடுநாள் வாழவேண்டும் என்னும் அவா மக்கட்குலத்தோடு உடன்பிறந்தது. தமிழ்ச் சித்தர் காயகற்பம் நாடினர். சீனத்து இரசவாதிகள் சாதிலிங்கத்தை உருக்கிச் சாவாமருந்து காண முயன்றனர். அம்மருந்தையுண்டு ஆயுள் குன்றிய சீனப் பேரரசரும் சிலருளர். இக்கட்டுரையில் யாம் கூறப்புகுவது அத்துணைப் பழமை வாய்ந்த வரலாறன்று. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குள் பிறந்து, வளர்ந்து, புகழின் உச்சியை எய்தி, பின்னர்த் தன்னை வளர்த்தோர் கையாலேயே தளர்ச்சியுற்ற ஒரு கொள்கையின் வரலாறு இது. உடலினுள்ளே ஒட்சிசன் விளைக்கும் கேடுதான் மூப்புக்குக் காரணம் என்பது அக்கொள்கை. அதனைச் சோதித்த களங்களுள் தலையாயது அரசவையுமன்று, மருத்துவமனையுமன்று. பால் நிறைக்கும் போத்தலொன்றில் அடைபட்டுக் கிடந்த பழ ஈக் கூட்டமே.

வரலாறு கற்பிப்பவன் உயிரியலுக்குட் புகுதல் வரம்பு கடந்த செயல் என்று எண்ணுவார் இருக்கலாம். ஆயின், ஒரு கூற்று எச்சான்றால் நிலைபெற்றது, எச்சான்றால் ஆட்டங்கண்டது, அச்சான்றினை எவர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்று ஆராய்தல் கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆராய்வதினின்றும் பெரிதும் வேறான தொழிலன்று. மேலும், ஒட்சியேற்றத்தைத் தடுத்து இளமையைக் காக்கும் என்ற உறுதிமொழியுடன் மாத்திரைகள் இன்று நம்மூர் மருந்துக்கடைகளிலும் விலைபோகின்றன. விலை கொடுத்து வாங்குபவன் அவ்வுறுதிமொழியின் வரலாற்றை அறிந்திருத்தல் தீதாகாது.

முதலில் ஈயை அறிமுகஞ் செய்வோம். பழுத்து நைந்த இதரை வாழைப்பழத்தின்மேல் வட்டமிடும் சிற்றீயை அறியாதார் இலர். மூன்று மில்லிமீற்றர் நீளமும் செங்கண்ணும் உடைய அவ்வினத்தை 1910 ஆம் ஆண்டளவில் உலகப் புகழுக்குரியதாக்கியவர் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துத் தோமசு கன்ற் மோகன் ஆவர். அவ்வாண்டில் அவர்தம் போத்தல்களிற் காணப்பட்ட வெண்கண் ஈயொன்று, பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களில் தங்கியுள்ளன என்பதற்குச் சான்றாயிற்று. 1933 இல் மோகனுக்கு நோபெற் பரிசும் கிடைத்தது. மூப்பை ஆராய்வார்க்கு இவ்வீ வேறொரு வகையிற் பயன்பட்டது. 25 பாகை வெப்பநிலையில் முட்டை பத்து நாளில் முதிர்ந்த ஈயாகின்றது. அதன்பின் அது ஏறக்குறைய இரண்டு திங்கள் வாழ்கின்றது. மனிதனொருவன் மூத்து இறப்பதைக் காண ஆராய்ச்சியாளனும் உடன்மூக்க வேண்டும். பழ ஈயிலோ ஆயிரம் வாழ்வுகளின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரு பருவகாலத்துள் எண்ணிக் கணக்கிடலாம்.

அவ்வாறு எண்ணத் தொடங்கியோருள் முன்னோடிகள் யாக் லோப், யோன் நோர்த்திறொப் என்னும் இருவர். நியூயோர்க்கு றொக்கபெல்லர் நிறுவகத்திற் பணிபுரிந்த இவர்கள் 1916, 1917 ஆம் ஆண்டுகளில், பழ ஈக்களைக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் அவற்றின் ஆயுள் நீளுமென்றும், வெப்பமான இடத்தில் வைத்தாற் குறுகுமென்றும் காட்டினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1908 இல், செருமானிய உடற்றொழிலியலாளர் மாக்சு றூப்னர் கினிப்பன்றி, பூனை, நாய், பசு, குதிரை ஆகிய ஐந்து விலங்குகளை ஒப்பிட்டு, உடலின் எடைக்கு ஏற்ப நோக்குமிடத்து அவை தம் வாழ்நாளிற் செலவிடும் சத்தியின் மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றே என்று கணக்கிட்டிருந்தார். மனிதன் மட்டும் அக்கணக்குக்கு அடங்கவில்லை. இவ்விரண்டையும் இணைத்து, 1928 இல் நூலாக வெளியிட்டவர் யோன்சு ஒப்கின்சு பல்கலைக்கழகத்து றேமன்ட் பேர்ல். விரைந்து வாழும் உயிர் விரைந்து மாயும் என்பதே அந்நூலின் சாரம். எண்ணெய் அளவாகவே ஊற்றப்பட்டுள்ளது; திரியைத் தூண்டினால் விளக்கு முன்னதாக அணையும் என்பது போன்ற கருத்து.

கருத்து எளிதாயிருந்தமையாற் பலரையுங் கவர்ந்தது. எனினும் பேர்ல் தாமே வளர்த்த ஈக்களுள் அதற்கு மாறான சான்றொன்று இருந்தது. சிறகு குன்றிய விகாரவழி ஈக்களையும் அவர் எண்ணினார். அவை பறப்பதில்லை, ஆதலின் சத்தியைச் சிக்கனமாகச் செலவிட்டு நெடுநாள் வாழ்ந்திருத்தல் வேண்டும். ஆனால் அவை சிறகுடைய ஈக்களினும் மிகக் குறைந்த நாட்களே வாழ்ந்தன. பிறப்பிலேயே நலிந்த வழியொன்று சீக்கிரம் இறப்பதற்கும் இயல்பான மூப்புக்கும் வேறுபாடுண்டு என்னும் பாடம் அங்கேயே கிடந்தது. அப்பாடம் முழுமையாக உணரப்படுவதற்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

இனி ஒட்சிசனிடம் வருவோம். அவ்வாயுவைக் கண்டறிந்தோருள் ஒருவராகிய யோசேப்பு பிறீசிலி, 1775 இல் வெளியிட்ட நூலிலேயே ஓர் ஐயத்தை எழுப்பியிருந்தார். தூய அவ்வாயுவில் மெழுகுவர்த்தி விரைந்து எரிந்து தீர்வதுபோல, அதனைச் சுவாசிக்கும் உயிரும் விரைந்து தன் வாழ்வைத் தீர்த்துவிடுமோ என்பது அவர் ஐயம். 1878 இல் பிரெஞ்சு அறிஞர் போல் பேர், உயரமுக்கத்திலுள்ள ஒட்சிசன் விலங்குகளுக்கு வலிப்பையும் சாவையும் தருமெனக் காட்டினார். உயிருக்கு இன்றியமையாத பொருளே நஞ்சாவது எங்ஙனம் என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. அதற்கு விடை தந்தவர் ஆர்சென்ரீனாவைச் சேர்ந்த இறெபேக்கா கேர்ஷ்மன் என்னும் பெண்மணி. அமெரிக்காவில் றொச்செசுற்றர் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த அவர், தானியேல் கில்பேட்டு முதலானோருடன் சேர்ந்து 1954 இல் வெளியிட்ட கட்டுரையில், ஒட்சிசன் நஞ்சாவதும் எக்சுக் கதிர் உடலைக் கெடுப்பதும் ஒரே வழியால் நிகழ்வன என்றார். அவ்வழி சுயாதீன மூலிகங்கள் வழியாகும்.

சுயாதீன மூலிகம் என்பதைச் சுருக்கமாக விளக்குதல் தகும். மூலக்கூறுகளில் இலத்திரன்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். இணையிழந்த தனி இலத்திரனையுடைய மூலக்கூறு அல்லது அணுக்கூட்டம் அமைதியற்றது. அருகிலுள்ளதினின்றும் ஓர் இலத்திரனைப் பறிக்க முயலும். பறிகொடுத்தது தானும் அமைதியிழந்து அடுத்ததைத் தாக்கும். கொழுப்பு, புரதம், பரம்பரையலகுகளைக் கொண்ட அமிலம் ஆகிய யாவும் இவ்வாறு தாக்குண்ணலாம். கலத்தினுள் உணவை எரித்துச் சத்தியைப் பெறும் இழைமணிகளில், இலத்திரன்களைக் கைமாற்றும் வேளையிற் சில வழிதவறி ஒட்சிசனோடு சேர்தலால் இத்தகைய மூலிகம் பிறக்கின்றது.

கேர்ஷ்மனின் கட்டுரை வெளிவந்த அதே 1954 ஆம் ஆண்டின் நவம்பர்த் திங்களில், கலிபோர்ணியாவின் பேர்க்கிலி நகரிலுள்ள டொனர் ஆய்வுகூடத்தில் வீற்றிருந்த டெனம் ஆர்மனுக்கு மூப்பும் இதனாலேயே விளைகின்றது என்ற எண்ணம் தோன்றியது. ஆர்மனின் வாழ்க்கை இவ்விடத்துச் சிறிது கூறத்தக்கது. அவர் முதலிற் பெற்றோலியக் கம்பனியொன்றில் இரசாயனவறிஞராக இருந்து, சுயாதீன மூலிகங்களின் நடத்தையை நன்கு கற்றவர். 1945 இல் அவர் மனைவியார் மாதர் சஞ்சிகையொன்றில் வெளிவந்த, ஆயுளை நீட்டும் ஆராய்ச்சி பற்றிய கட்டுரையொன்றை அவருக்குக் காட்டினார். அது மனத்தை விட்டகலாமையின் அவர் தொழிலைத் துறந்து மருத்துவம் பயின்றார். ஆக, இரப்பரும் எண்ணெயும் காற்றுப்பட்டுக் கெடுவதை ஆராய்ந்த ஒருவர், உடலும் அவ்வாறே கெடுகின்றது என்று கண்டார். 1956 இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இக்கொள்கையின் மூலசாசனம். தொடக்கத்தில் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே. இரசாயனவறிஞர் மருத்துவத்திலும், மருத்துவர் இரசாயனத்திலும் வல்லுநரல்லர். இரண்டின் எல்லையிற் பிறந்த பிள்ளையை எவரும் தம்முடையதெனக் கொள்ளவில்லை.

ஆர்மன் தம் கொள்கையை எலிகளிற் சோதித்தார். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பொருள்களை உணவிற் கலந்து கொடுத்தபோது சராசரி ஆயுள் சிலவேளை கூடியது. ஆயினும் உச்ச ஆயுள், அஃதாவது கூட்டத்துள் மிக நெடிது வாழ்ந்தவற்றின் வயது, பெரிதும் நீளவில்லை. இவ்விடர்ப்பாட்டை நீக்கும்பொருட்டு 1972 இல் அவர் கொள்கையைத் திருத்தினார். வாழ்நாளை அளக்கும் கடிகாரம் இழைமணியுள் இருக்கின்றது. உண்ணும் மருந்து அங்கே செல்வதில்லை என்றார். திருத்தம் நியாயமானதே. எனினும் எதிர்ச்சான்று தோன்றும்போதெல்லாம் கொள்கையை உள்ளறைக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் இங்கே தொடங்கியது என்பதையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

கொள்கைக்குப் புத்துயிர் அளித்தது 1969 ஆம் ஆண்டு. 1938 இல் மான், கெயிலின் என்னும் இருவர் மாட்டின் குருதியினின்றும் செம்பு கொண்ட நீலநிறப் புரதமொன்றைப் பிரித்தெடுத்திருந்தனர். அதன் தொழில் எதுவெனத் தெரியாமையாற் செம்பைச் சேமித்து வைக்கும் பண்டசாலையாகவே பலரும் அதனைக் கருதினர். முப்பத்தொரு ஆண்டுகளின் பின், டியூக் பல்கலைக்கழகத்தில் ஏர்வின் பிறிடோவிச்சும் அவர்தம் மாணவர் ஜோ மக்கோட்டும் அப்புரதத்தின் உண்மைத் தொழிலை வெளிப்படுத்தினர். அது பண்டசாலையன்று, நொதியம். ஓர் இலத்திரனை மிகையாகப் பெற்ற ஒட்சிசனாகிய சுப்பரொட்சைட்டு மூலிகத்தை அழிப்பதே அதன் பணி. அதற்குச் சுப்பரொட்சைட்டு டிசுமியூற்றேசு எனப் பெயரிட்டனர். மூலிகத்தை அழிப்பதற்கெனவே உடல் ஒரு காவலனை வைத்திருக்குமாயின், உடலில் அம்மூலிகம் உண்டென்பதும், அது தீங்குடையதென்பதும் தாமே பெறப்படுமன்றோ? காவலனைக் கண்டு கள்வனை ஊகித்த கதை இது.

அந்நொதியம் தன் தொழிலை முடிக்கும்போது ஐதரசன் பேரொட்சைட்டு எஞ்சும். அதுவும் தீங்குடையதே. அதனை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் இரண்டாங் காவலன் கற்றலேசு. இது 1901 இல் ஒசுக்கார் லோவினாற் பெயர் பெற்ற பழைய நொதியம். டிசுமியூற்றேசிலும் இருவகையுண்டு. செம்பும் நாகமும் கொண்டது பெரும்பாலும் கலத்தின் பாய்பொருளில் உலவும். மங்கனீசு கொண்டது இழைமணியுள் உறையும். மூலிகங்களின் ஆக்கம் காவலரின் ஆற்றலை விஞ்சும் நிலைக்கு ஒட்சியேற்றத் தகைப்பு என்று பெயர். அத்தொடரை 1985 இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் செருமானியரான எல்முட் சீசு.

இங்ஙனம் களம் அமைந்தபின், பழ ஈ மீண்டும் அரங்கேறியது. வினா தெளிவானது: காவலனை நீக்கினால் ஆயுள் குறையுமா? காவலரைப் பெருக்கினால் ஆயுள் நீளுமா?

முதல் வினாவுக்கு விடை 1989 இற் கிடைத்தது. கனடாவிலிருந்து பிலிப்சு, இலிக்கர் முதலானோர், செம்பு-நாக டிசுமியூற்றேசு அறவே அற்ற பழ ஈக்களைப் பற்றி அறிவித்தனர். அவ்வீக்கள் சில நாட்களே வாழ்ந்தன. ஆண் ஈக்கள் மலடாயின. பராகுவாற்று என்னும் களைகொல்லிக்கு அவை மிக எளிதில் இரையாயின. அதே ஆண்டில் மக்கே, பியூலி என்னும் இருவர் கற்றலேசு அற்ற ஈக்களின் வலுவிழந்த வாழ்வையும் விவரித்தனர். பராகுவாற்று இங்கே இடம்பெறுவது ஏனென்று வினவலாம். அது கலத்தினுட் புகுந்து சுப்பரொட்சைட்டை இடையறாது பிறப்பிக்கும் நஞ்சு. ஆதலின் ஒட்சியேற்றத் தகைப்பைத் தாங்கும் வல்லமையை அளக்கும் உரைகல்லாக அதனைக் கையாண்டனர். நம் நாட்டு வயல்களில் அதனைத் தெளித்தோரும், அதனையுண்டு மாண்டோர் வீட்டாரும் அப்பெயரை மறவார். இலங்கையில் அது 2008 தொடக்கம் படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டுப் பின்னர் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதனைப் பருகினோரின் நுரையீரல் கெடுவது இதே மூலிகத்தின் வினையாலேதான்.

காவலனை நீக்கியபோது ஈ மாண்டமை கொள்கைக்குப் பெருஞ்சான்றாகப் போற்றப்பட்டது. நம் கருத்தில் அச்சான்று தோற்றமளவுக்கு வலிமையுடையதன்று. வண்டியின் கடையாணியைக் கழற்றினாற் சில்லுக் கழன்று வண்டி கவிழும். அதனால், இரண்டு கடையாணி பூட்டிய வண்டி இருமடங்கு காலம் உழைக்குமென்று எவரும் கூறார். நலமான ஈயின் மூப்புக்கு மூலிகமே காரணமெனின், நலமான ஈயிற் காவலரைப் பெருக்கி ஆயுள் நீள்வதைக் காட்டவேண்டும். உண்மையான சோதனை இரண்டாம் வினாவே.

அதனைச் சோதிக்கும் கருவி 1982 இற் பிறந்தது. இடத்துக்கிடம் தாவும் இயல்புடைய ஒரு பரம்பரைத் துண்டத்தை ஊர்தியாகக் கொண்டு, வேண்டிய பரம்பரையலகை ஈயின் முட்டையுட் செலுத்தி நிறமூர்த்தத்திற் பதிக்கும் முறையை யெரால்ட் றூபினும் அலன் இசுப்பிராட்லிங்கும் அவ்வாண்டில் அறிவித்தனர். அம்முறையாற் செம்பு-நாக டிசுமியூற்றேசை மிகுவித்து 1990 இல் ஒரு குழுவினர் செய்த ஆய்வில் ஆயுள் நீளவில்லை. 1992 இல் டலசு நகரிலுள்ள தெற்கு மெதடித்தப் பல்கலைக்கழகத்து வில்லியம் ஓரும் ராஜிந்தர் சோகலும் கற்றலேசை மட்டும் மிகுவித்தனர், அப்போதும் நீளவில்லை. முதற் காவலனை மட்டும் பெருக்கினாற் பேரொட்சைட்டுக் குவியும். இரண்டாங் காவலனை மட்டும் பெருக்கினால் அவனுக்கு வேலை போதாது. ஆதலின் இருவரையும் ஒருங்கே பெருக்குதல் வேண்டும் என்று அவர்கள் கருதினர்.

1994 பெப்புருவரியிற் புகழ்பெற்ற விஞ்ஞான ஏடொன்றில் அவர்தம் முடிவு வெளியாயிற்று. இரு நொதியங்களின் பரம்பரையலகுகளையும் மும்மூன்று படிகளாகக் கொண்ட ஈக்களின் ஆயுள் மூன்றிலொரு பங்கு வரையில் நீண்டது. நீண்டதோடன்றி, அவற்றின் புரதங்களில் ஒட்சியேற்றச் சிதைவும் குறைவாயிருந்தது. ஓடியாடும் திறனும் பிந்தியே தளர்ந்தது. நாற்பதாண்டுக் கனவு நனவாயிற்றென்று பலர் மகிழ்ந்தனர். 1998 இல் தொரொன்ரோவிலிருந்து பூலியானும் அவர்தங் குழுவினரும், மனித டிசுமியூற்றேசை ஈயின் இயக்க நரம்புக் கலங்களில் மட்டும் தோற்றுவித்து நாற்பது சதவீதம் வரை ஆயுள் நீட்சி கண்டனர். அதே ஆண்டிற் சீமோர் பென்சரின் ஆய்வுகூடம், நெடிது வாழ்வதும் பராகுவாற்றைத் தாங்குவதுமான விகார ஈயொன்றைக் கண்டு, விவிலியத்தில் மிக நீண்ட ஆயுளுடையவராகக் கூறப்படும் மெத்தூசலாவின் பெயரை அதற்கு இட்டது. 1999 இல் கலிபோர்ணியாவிற் சன், டவர் இருவரும் முதிர்ந்த ஈயில் நொதியத்தைத் தூண்டி நாற்பத்தெட்டு சதவீதம் வரை நீட்சி பெற்றனர். சான்றின்மேற் சான்று குவிந்தது.

ஆயின் ஒப்பீடு பற்றிய ஐயம் ஒன்று நீங்கவில்லை. ஊர்தித் துண்டம் நிறமூர்த்தத்தில் எங்கே பதியுமென்பது ஆராய்ச்சியாளன் கையிலில்லை. பதிந்த இடத்தைப் பொறுத்து அது வேறொரு பரம்பரையலகைக் குலைக்கலாம் அல்லது தூண்டலாம். ஆகவே இரண்டு வழிகளின் ஆயுள் வேறுபடின், அது நொதியத்தாலா, பதிந்த இடத்தாலா, அவ்வவ் வழியின் பிறவிக் குணத்தாலா என்று துணிதல் அரிது. மேலும், நெடுங்காலம் சிறு கூட்டமாக உள்ளுறவிலேயே இனம்பெருகிய ஆய்வுகூட ஈக்கள் பல நலிந்தவை. அவை இயல்பாகவே குறுகிய ஆயுளுடையன. குறுகிய ஆயுளுடைய வழியை ஒப்பீட்டுக் கூட்டமாக வைத்துக்கொண்டால், அதன் நலிவைச் சிறிது நீக்கும் எதுவும் ஆயுளை நீட்டியதாகத் தோன்றும். காய்ச்சற்காரனுக்கு மருந்து கொடுத்து எழுப்பிவிட்டு, மருந்து மனிதரைப் பலசாலியாக்கும் என்று பறைசாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. பேர்லின் சிறகு குன்றிய ஈ கற்பித்திருக்கவேண்டிய பாடம் இதுவே.

இவ்வையத்தைத் தீர்க்க முற்பட்டோர் யாவரெனின், 1994 இல் வெற்றி கண்ட அதே ஓரும் சோகலும்தாம். இவ்வரலாற்றில் எம்மை மிகக் கவர்ந்த பகுதியும் இதுவே. நெடிது வாழும் நலமான குலவழியொன்றைத் தெரிந்தெடுத்து, அதில் இருவகை டிசுமியூற்றேசையும், கற்றலேசையும், தயோரெடொட்சின் இறிடற்றேசு என்னும் பிறிதொரு நொதியத்தையும் தனித்தும் இணைத்தும் மிகுவித்து, மொக்கெற்று முதலான உடனாய்வாளருடன் 2003 இல் முடிவை வெளியிட்டனர். நொதியங்களின் ஆற்றல் மெய்யாகவே கூடியிருந்தது. ஆயுள் நீளவில்லை. முன்னர்க் காணப்பட்ட நீட்சிகள் குறுகிய ஆயுளுடைய வழிகளிலேயே நிகழ்ந்தன என்பதையும் அவர்களே எடுத்துக் காட்டினர். தம் பெயரை உலகறியச் செய்த முடிவைத் தம் கையாலேயே ஐயத்துக்குள்ளாக்குதல் எளிய செயலன்று. முதற் கட்டுரையை அறிந்தோர் பலர். இரண்டாவதை அறிந்தோர் சிலரே. மருந்துக்கடை விளம்பரங்கள் இன்றும் முதற் கட்டுரையின் உலகிலேயே வாழ்கின்றன.

அவ்வாண்டிலேயே அக்குழுவினர் செய்த இன்னொரு சோதனை இதனினும் நுட்பமானது. ஆர்மன் 1972 இற் சுட்டிய உள்ளறைக்கே அவர்கள் காவலனை அனுப்பினர். இயல்பாக இழைமணியுள் இராத கற்றலேசை அங்கே செல்லுமாறு அமைத்தபோது, ஈக்கள் ஒட்சியேற்றத் தகைப்பை முன்னினும் நன்கு தாங்கின. ஆனால் நெடிது வாழவில்லை. 2005 இல் மங்கனீசு டிசுமியூற்றேசையும் கற்றலேசையும் சேர்த்து இழைமணியுள் மிகுவித்தபோது, தாங்கும் வல்லமை கூடியது, ஆயுளோ குறைந்தது. நஞ்சைத் தாங்கும் வல்லமை வேறு, மூப்பைத் தாழ்த்தும் வல்லமை வேறு என்பது இவற்றால் விளங்கிற்று. அதுவரை பலர் அவ்விரண்டையும் ஒன்றாகவே கருதிவந்தனர். டொரொன்ரோக் குழுவின் நரம்புக்கலச் சோதனையையும் 2003 இல் இசுப்பென்சர் முதலானோர் நெடிது வாழும் பல வழிகளில் மீளச்செய்து பார்த்தனர். நீட்சி முற்றாக மறையவில்லை. ஆயினும் அது ஈயின் பாலையும் குலவழியையும் பொறுத்து மாறியது. ஆகவே பழைய முடிவுகள் யாவும் பொய்யென்று தள்ளுதலும் நேர்மையாகாது. அவை எல்லா ஈக்கும் பொருந்தும் விதியல்ல என்பதே தெளிந்தது.

ஏனைய உயிர்களிலும் கதை இவ்வாறே சென்றது. 2009 இல் அமெரிக்காவிற் சன் அந்தோனியோ நகரத்து ஆய்வாளர், ஒட்சியேற்றத் தடுப்பு அமைப்பிற் பதினெட்டு வகையான பரம்பரை மாற்றங்கள் செய்யப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றேயொன்றுதான் ஆயுளைப் பாதித்தது என்றனர். அதுவும் செம்பு-நாக டிசுமியூற்றேசை அறவே நீக்கியதால் நேர்ந்த குறைவு. கனடாவில் வான் இராம்சுடொங், எக்கிமி என்னும் இருவர் நுண்புழுவொன்றில் இழைமணி டிசுமியூற்றேசை நீக்கியபோது ஆயுள் குறைவதற்கு மாறாக நீண்டது. 2012 இல் அப்புழுவின் ஐந்து டிசுமியூற்றேசுப் பரம்பரையலகுகளையும் நீக்கியபோதும் அது இயல்பான காலம் வாழ்ந்தது. தகைப்பை மட்டும் தாங்கவில்லை.

மனிதரிடத்து நிகழ்ந்ததை விரித்துரைக்க வேண்டுவதில்லை, ஒன்று போதும். ஓரும் சோகலும் முதல் வெற்றியை அறிவித்த அதே 1994 இல், பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்போரிடத்து நடத்தப்பட்ட நெடிய சோதனையின் பெறுபேறு வெளியாயிற்று. ஒட்சியேற்றத்தைத் தடுக்குமென நம்பப்பட்ட பீற்றாக் கரற்றீனை உண்டோர்க்கு நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. பதினெட்டு சதவீதம் கூடியது. ஒரே ஆண்டில் வெளிவந்த இவ்விரு செய்திகளுள் ஈயைப் பற்றிய நற்செய்தியை நினைவிற் கொண்டு, மனிதரைப் பற்றிய தீச்செய்தியை உலகம் எளிதில் மறந்தது விந்தையே.

கொள்கையின் தந்தையாகிய ஆர்மன் 2014 நவம்பரில், தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார். அவர்தம் நீண்ட ஆயுளையே கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவார் சிலர். ஒரு தனி வாழ்வுக்கு ஒப்பீட்டுக் கூட்டம் ஏது?

அப்படியாயின் மூலிகங்கள் வீணே பழிசுமந்தனவா? இக்கால ஆய்வுகள் அவற்றுக்கு வேறொரு தொழிலும் உண்டென்கின்றன. ஐதரசன் பேரொட்சைட்டுச் சிறிதளவிற் கலத்தினுள் தூதனாகவும் பணிபுரிகின்றது. தகைப்பு வருமுன் காவலை ஆயத்தஞ் செய்யும் கட்டளையை அது கொண்டுசெல்கின்றது. 2016 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலிருந்து சியாலோ, சன்சு முதலானோர், இழைமணியின் முதற் கூட்டில் இலத்திரன்கள் எதிர்த்திசையிற் செல்லும்போது பிறக்கும் மூலிகம் பழ ஈயின் ஆயுளை நீட்டியதாக அறிவித்தனர். எவ்வளவு பிறக்கின்றது என்பதினும் எங்கே, எவ்வேளையிற் பிறக்கின்றது என்பதே முக்கியமாயிற்று. காவலனைக் கண்டு கள்வனை ஊகித்தோர், அக்கள்வன் சிலவேளை வீட்டுக்குச் செய்தி கொணர்பவனாகவும் இருக்கக்கூடுமென்று எண்ணியிருக்கவில்லை.

எனினும் மூலிகத்தாற் சாவு நேர்வதுண்டு. 2020 இல் ஆவாட் மருத்துவக் கல்லூரியில் றொகுல்யாவும் அவர்தங் குழுவினரும் பழ ஈக்களை உறங்கவொட்டாது தடுத்தபோது அவை முன்னதாகவே மாண்டன. காரணத்தை மூளையில் தேடியோர்க்கு அது குடலிற் கிடைத்தது. உறக்கமிழந்த ஈயின் குடலில் ஒட்சிசன் மூலிகங்கள் குவிந்திருந்தன. ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சேர்வைகளை ஊட்டியபோதும், காவல் நொதியங்களைக் குடலில் மட்டும் மிகுவித்தபோதும், அவை உறக்கமின்றியே இயல்பான ஆயுளை எய்தின அல்லது அதனை அணுகின. இங்கே மிகுவித்த காவலன் ஆயுளைக் காத்தான். காத்தது உறக்கமிழந்த ஈயினது ஆயுளை. போதிய அளவு உறங்கிய ஈ ஏன் இரண்டு திங்களில் மூத்து மடிகின்றது என்னும் வினா, லோப்பும் நோர்த்திறொப்பும் தம் போத்தல்களை எண்ணத் தொடங்கிய நாளிற் போலவே இன்றும் விடை வேண்டி நிற்கின்றது.